மலையில் கட்டிய வரம்பு

1

போன கிழமை எங்கள் சுரங்கத்தில் கேக் வெட்டினார்கள். நிலக்கரி இறக்கும் மலைப்பாதையைத் திருத்தித் திறந்து ஒரு வருடம் ஆகிறதாம், அந்த ஒரு வருடத்தில் ஒரு பிடி மண்ணும் அசையவில்லையாம். கேக்கின் மேல் சீனியால் ஒரு மலை, அதில் வளைந்து வளைந்து ஒரு கறுப்புப் பாதை, பாதையில் ஒரு மஞ்சள் டிப்பர். கத்தி சரியாக நான்காம் வளைவில் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். கேக்கில் ஹலால் இல்லாத ஜெலட்டின் சேர்ந்திருக்குமா என்று கேட்கக் கூச்சப்பட்டு, என் துண்டைக் கையில் ஏந்தியபடியே பேசினேன். எல்லோருடைய உழைப்பு, எல்லோருடைய கவனம் என்று இந்த நாட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அந்த மலை ஏன் சரிந்தது, எந்த அளவுக்கு யாரால் சரிந்தது என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. கேக் வெட்டும் இடத்தில் அதைச் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலையே இல்லாத இடத்தில் பிறந்தவன் நான். கல்முனையில் உயரமானது எது என்று கேட்டால் பள்ளிவாசல் மினாராவைக் காட்டுவோம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் சனமும் கடையும். வாப்பாவின் இரும்புக்கடை மொட்டைமாடியில் ஏறினால், மப்பும் மந்தாரமும் இல்லாத நாட்களில் மேற்கே வெகுதூரத்தில் நீலமாக ஏதோ தெரியும். அவைதான் மலைகள் என்று சொல்வார்கள். நம்பினேன். அப்படிப்பட்டவன் மண்ணையும் பாறையையும் படித்து, நியூசிலாந்தின் மேற்குக் கரையில், வருடத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஒரு மலையில், மண் சரியுமா சரியாதா என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். சுரங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

2

அந்தப் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மலை உச்சியில் திறந்த குழி. அங்கே தோண்டும் கரியை டிப்பர்கள் கீழே ரயில் நிற்கும் இடத்துக்குக் கொண்டு வரும். மேலே போக வர வேறு வழி கிடையாது. இந்தச் சிறிய நகரத்தில் தேநீர்க்கடைக்காரிக்கும் சலூன்காரனுக்கும் எங்கள் வீட்டுக்கும் சோறு அந்தப் பாதையால்தான் இறங்கி வருகிறது.

சரிந்தது கோடையில், நல்ல வெயில் நாளில். காலையில் மேலே போன டிப்பர் சாரதி நான்காம் வளைவில் ஒரு வெடிப்பு இருப்பதாக ரேடியோவில் சொன்னான். நான் போய்ச் சேர்வதற்குள் பாதையின் வெளிப்பக்கத்துப் பாதி பள்ளத்தில் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உட்பக்கத்துப் பாதி நின்றது. டிப்பர்களை நிறுத்தினார்கள். மேலே வேலை செய்பவர்களை ஏற்றிப் போகும் பஸ்ஸும் தூசிக்குத் தண்ணீர் தெளிக்கும் பவுசர் லொறியும் மட்டும் அந்த மிச்சப் பாதியால் ஊர்ந்து போகலாம் என்றார்கள். அதுவும் ஒவ்வொரு காலையும் நான் அளந்து பார்த்து ‘சரி’ என்று சொன்ன பிறகு.

அதாவது ஒரு பஸ் நிறைய மனிதர்கள் என் வாய்ச்சொல்லை நம்பி ஏறினார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழப்பம் என்னவென்றால், மழை இல்லாமல் மலை ஏன் சரிய வேண்டும்? குளிர்காலம் முழுக்க வானம் பிளந்து ஊற்றியபோது அது அசையாமல் நின்றது. வெயில் தொடங்கி மூன்றாம் கிழமையில் இறங்கியது. துளை போட்டோம், குழாய் இறக்கினோம், மலைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தினமும் அளந்தேன். வெயில் நாட்களில் மட்டம் ஏறியது. சாரல் விழுந்து குளிர்ந்த நாட்களில் இறங்கியது. கருவிதான் பிழை என்று நினைத்துப் புதியது வரவழைத்தேன். புதியதும் அதையே சொன்னது. எங்கள் முகாமையாளர் கிரேக் நல்ல மனிதர், ஆனால் பொறுமை குறைவு. ஒவ்வொரு நாளும் என் மேசையருகே வந்து, என்ன காரணம் என்று ஒரே சொல்லில் கேட்பார். தெரியாது என்பதை நான் ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆங்கிலத்தில் சொன்னேன்.

பழைய சரிவு ஒன்று அந்த வளைவின் அடியில் புதைந்து கிடந்தது உண்மை. வழுக்கும் களிமண் படை ஒன்று இருந்ததும் உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ பாதையை அகட்டுவதற்காக மலையின் அடிக்காலைச் சீவியிருந்ததும் உண்மை. ஆனால் இவையெல்லாம் குளிர்காலத்திலும் இருந்தனவே.

3

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி றிஸ்வானாவின் மூத்த சகோதரர் இல்யாஸ்.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மற்றப் பக்கத்து ஆட்களுக்குத்தான் விளக்க வேண்டும். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்வோம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். வாப்பா இல்லாத குடும்பமென்றால் அந்த வீட்டைக் கட்டுவது காக்காமாரின், அதாவது அண்ணன்மாரின், தலையில். சகோதரிகளைக் கரைசேர்க்காமல் அவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை. றிஸ்வானாவின் வாப்பா காலமானபோது மச்சானுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. ஊருக்கு மேற்கே சவளக்கடையில் இருந்த வயலைப் பார்த்தார், பிறகு சவூதிக்குப் போய்த் தண்ணீர் பவுசர் ஓட்டினார். பாலைவனத்தில் வீதி போடுபவர்களுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை. லீவில் வரும்போதெல்லாம் மேசனோடு சேர்ந்து தானே கல் சுமந்தார். அந்த வீடு கூரை ஏறிய வருடத்தில் நான் மாப்பிள்ளையாகப் போய் இறங்கினேன். அவருக்குக் கல்யாணம் நடந்தபோது தலையில் நரை விழுந்துவிட்டது.

என் வாப்பாவின் கடையில் நாங்கள் மண்வெட்டி விற்றோம். பிடி போட்டு, தகட்டைத் தட்டிக் காட்டி விற்பேன். ஆனால் மண்வெட்டியால் என்ன செய்யலாம் என்று பார்த்தது சவளக்கடை வட்டையின் வயல்வெளியில், மச்சானின் வயலில்தான். வரம்பு கட்டும்போது அவர் கதைக்க மாட்டார். வெட்டிய மண்ணைத் தூக்கி வைத்து, தகட்டின் முதுகால் இரண்டு தடவை தடவுவார். வரம்பு மினுங்கும். மூலையில் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போக ஒரு வக்கடை வெட்டி, அதன் இரண்டு உதட்டிலும் புல்லோடு பெயர்த்த மண்ணை, புல்லுக்கட்டியை, வைத்து அழுத்துவார். எல்லோரும் வக்கடை வெட்டுவார்கள், உதட்டுக்குப் புல்லுக்கட்டி வைப்பது அவருடைய பழக்கம்.

சுரங்கத்துக்குப் பவுசர் சாரதி தேவை என்றபோது நான் அவரைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருட அனுமதியில் வந்தார். கோடையில் பாதைத் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிப்பது வேலை. அவருடைய விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசா போகும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைப்பதற்கான விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆதாரம் கேட்டார்கள். நீங்கள் உண்மையிலேயே மனைவியோடு சேர்ந்து வாழ்கிறீர்களா என்று ஒரு கேள்வி. சேர்ந்து வாழத்தானே விண்ணப்பமே போடுகிறேன் என்று மச்சான் என்னிடம் கேட்டார். கல்யாணப் படங்களை அனுப்பினோம்.

எங்கள் மகள் ஸைனப்புக்கு அவர் வந்தது பெருநாள். பன்னிரண்டு வயது. எங்களோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், நாங்கள் தமிழில் கேட்டாலும். மச்சானுக்கு அந்த ஆங்கிலம் பாதி விளங்காது, அவளுக்கு அவருடைய தமிழ் பாதி விளங்காது. ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் கதைப்பார்கள். எங்களோடு கதைப்பதைவிட அதிகமாக. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போய், தோண்டிப் புண்ணான இடங்களில் இந்த நாட்டுக் கன்றுகளை நட வைத்திருந்தார்கள். அவளுடைய கன்று நான்காம் வளைவுக்கு மேலே. மாமா, என்னுடைய மரம் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பதும், அவர் கையால் உயரம் காட்டுவதும் வீட்டில் வழக்கம்.

4

கிரேக்கின் ஒற்றைச்சொல் கேள்விக்குப் பயந்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வளைவுக்கு மேலே உள்ள சரிவில் கால்போன போக்கில் ஏறினேன். கீழிருந்து பார்த்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். மற்ற இடங்களில் பிள்ளைகள் நட்ட கன்றுகள் வெயிலில் காய்ந்து குச்சியாகியிருந்தன, வளைவுகளுக்கு மேலே மட்டும் செழிப்பு. நல்ல மண் போலும் என்று நினைத்து, என் அறிக்கைக்காக அந்தப் பச்சையைப் படம் கூடப் பிடித்திருந்தேன்.

புதருக்குள் நுழைந்ததும் கால் சேற்றில் புதைந்தது. ஒரு கிழமையாக நல்ல வெயில், ஆனால் சேறு. குனிந்து புல்லை விலக்கினேன்.

வரம்பு.

சாண் உயரத்தில், மினுங்கத் தடவிய வரம்பு. ஒவ்வொரு கன்றுக் கூட்டத்தையும் சுற்றிச் சதுரமாக ஒரு வயல், பாய் அளவு. சரிவில் படிப்படியாக, ஒன்றின் தண்ணீர் நிறைந்து அடுத்ததற்கு இறங்கும்படி. மூலையில் வக்கடை. வக்கடையின் இரண்டு உதட்டிலும் புல்லுக்கட்டி.

நான் முதலில் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் ஒரு பொருளைப் பார்த்து, இது எங்களுடையது என்று மனம் துள்ளியது அன்றுதான். சிரித்தபடி அந்தச் சின்ன வரம்பின் மேல் விரலை ஓட்டினேன். அதன் பிறகுதான் என் படிப்பு ஓடி வந்தது. ஒரு வயலின் நடுவால் பாதைக்குச் சமாந்தரமாக மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. தேங்கிய தண்ணீர் அந்த வெடிப்புக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

வெயில் நாளில்தான் பவுசர் ஓடும். சாரல் நாளில் ஓடாது. பொழுதுபட மிச்சத் தண்ணீரை எங்காவது விட்டுவிட்டுத்தான் பவுசரை நிறுத்த வேண்டும். வெறும் நிலத்தில் விட மச்சானின் கை மறுத்திருக்கிறது. குழாய் அளவுகளின் புதிர் முழுவதும் ஒரு நொடியில் அவிழ்ந்தது. அவிழ்ந்ததும் புல்லை மறுபடி வரம்பின் மேல் மூடிவிட்டு இறங்கினேன்.

5

வீட்டுக்குப் போய் றிஸ்வானாவிடம் சொன்னேன். அவளும் முதலில் சிரித்தாள். காக்கா இங்கேயும் வயல் செய்கிறாரா என்றாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது.

என் மனதில் இருந்ததை அவளிடம் கொட்டினேன். காரணம் ஒன்றல்ல. பழைய சரிவு இருக்கிறது, களிமண் இருக்கிறது, மலையின் காலைச் சீவியது சுரங்கம். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அடுத்த குளிர்காலத்தில் விழுந்திருக்கலாம். இவற்றை மட்டும் எழுதினால் ஒரு வரியும் பொய்யில்லை. நாளைக்கே போய்ச் சப்பாத்துக் காலால் அந்த வரம்புகளை மிதித்துக் கலைத்துவிடலாம். மழையில் கரைந்துவிடும். ஒருவரும் அறிய மாட்டார்கள், மச்சானும் கூட, ஏதோ காட்டுப்பன்றி என்று நினைப்பார். எழுதினாலோ, அவருடைய வேலை, விசா, சவளக்கடையில் பெட்டி கட்டக் காத்திருக்கும் மனைவி மக்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தில்.

றிஸ்வானா மேசையில் கிடந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள். “இஞ்ச பாருங்க, நான் இப்பிடிச் செய்யுங்க எண்டு சொல்ல மாட்டன். அந்த வீட்டுட ஒவ்வொரு கல்லும் எண்ட காக்காட தோள்ல ஏறி வந்த. அத மட்டும் நெனச்சிக் கொள்ளுங்க.”

எழுந்து போனவள் கதவடியில் நின்று திரும்பினாள். “மனிசர் போற பாதை எண்டா, அதையும் நெனச்சிக் கொள்ளுங்க.”

இரண்டையும் நினை என்றாள். இரண்டையும் ஒன்றாக நினைக்க முடியாமல்தான் நான் தவித்தேன். அவள்மேல் கோபம் கூட வந்தது, ஒன்றையாவது சொல்லியிருக்கலாமே என்று.

6

சனியும் ஞாயிறும் சுரங்கத்துக்கு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை மச்சானை அழைத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. வாகனத்தின் பின்னால் மண்வெட்டியைப் போட்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பிடி சரியில்லை என்றார்.

நான்காம் வளைவில் ஏறி, புல்லை விலக்கிக் காட்டினேன். அவர் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு. ஒளித்து வைத்த பரிசை நான் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டது போல.

“ஓம் மச்சான், நான்தான் கட்டினன். ஸைனப்புட கண்டு வாடிப் போய்க் கிடந்திச்சி. ஊத்தினா ஒரு சொட்டும் நிக்கிதில்ல, கீழ ஓடுது. ரெண்டு வரம்பு போட்டன். மறுகா பாருங்க, என்ன மாதிரி பிடிச்சிரிக்கி.”

மாஷா அல்லாஹ் என்று சொல்ல வேண்டிய இடம். அதற்குப் பதிலாக, சுரங்கத்து ஆட்கள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். கன்றுகளுக்குப் பொறுப்பான பெண் அதிகாரி வந்து, பச்சையைப் பார்த்து, நல்ல வேலை என்று முதுகில் தட்டினாராம். வரம்பை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை கிரேக் வாகனத்தை நிறுத்தி, பாதைக்கு வெளியே தண்ணீர் விடுவதில்லைதானே என்று கேட்டாராம். மச்சான் ஓம், விடுகிறேன் என்று எங்கள் ஊர்ப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டியிருக்கிறார். கிரேக் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு, திருப்தியாகப் போய்விட்டார்.

“இந்த ஒரு இடத்திலதானே?” என்று கேட்டேன்.

“இல்ல மச்சான். எல்லா வளைவிலயும் கட்டியிரிக்கன்.”

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நான் கீழிருந்து மேலே ஒவ்வொரு வளைவாக எண்ணிப் பார்த்தேன். இரண்டு நாளாக நான் ஒரு வளைவைப் பற்றி, ஒரு அறிக்கையைப் பற்றி, ஒரு வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே உள்ள கேட்டிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு வளைவின் தலையிலும் வயல் நிறையத் தண்ணீர் நிற்கிறது. விடிந்தால் திங்கள். பஸ் வரும். நான் அளப்பது நான்காம் வளைவை மட்டும்.

அவரை ஒரு கல்லில் உட்கார வைத்துச் சொன்னேன். வெடிப்பைக் காட்டினேன், தண்ணீர் இறங்குவதைக் காட்டினேன், கீழே விழுந்து கிடக்கும் பாதையைக் காட்டினேன். மலைக்குள் தண்ணீர் தேங்கினால் மண்ணுக்கு மண் பிடிப்பு விட்டுவிடும் என்றேன். அவர் வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சாம்பலாகியது.

“மச்சான்,” என்றார், “எங்கட வட்டைல தண்ணி நிண்டாத்தான் உசிரு. இஞ்ச நிண்டா மவுத்தா?”

ஓம் என்றேன். அதை ஆங்கிலத்தில் ஆயிரம் விதமாக எழுதியிருக்கிறேன். தமிழில் ஓம் என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது.

நேரத்தைக் கடத்தக் கூடாது என்று மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் அடுத்தவன் வரம்பை வெட்டுவது சின்ன விசயமில்லை. வரம்பு வெட்டியதால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும், பொலிஸ் வரை போனதும் தெரியும். என் கை உயரவில்லை. அவர் எழுந்து வந்து மண்வெட்டியைக் கையிலிருந்து வாங்கினார்.

“நீங்க வெட்டாதீங்க. கட்டினவன் வெட்டட்டும்.”

முதலில் புல்லுக்கட்டிகளைக் கையால் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு வரம்பை வெட்டினார். தண்ணீர் அவருடைய சப்பாத்துக்களை நனைத்துக்கொண்டு பாதையோர வடிகானுக்குள் ஓடியது. அந்த வளைவு முடிந்ததும் அடுத்தது. நான் வாகனம் ஓட்டினேன், அவர் வெட்டினார். ஐந்தாம் வளைவிலும் ஏழாம் வளைவிலும் வெடிப்பு இருந்தது. கடைசி வரம்பில் அவர் அழுதார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை, அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கேயிருந்தே கிரேக்கைத் தொலைபேசியில் அழைத்து, நாளைக்குப் பஸ் போகக் கூடாது, முழுப் பாதையையும் மூடுங்கள் என்றேன். ஒரே சொல்லில் காரணம் கேட்டார். தண்ணீர் என்றேன். யாருடைய தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற மச்சானுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். “எண்ட பேரச் சொல்லுங்க மச்சான்,” என்றார். சொன்னேன்.

7

திருத்த வேலை குளிர்காலத்தைத் தாண்டியது. விழுந்த மண்ணை அள்ளி, படி படியாக வெட்டி, மலையின் காலடியில் வீட்டுச் சுவரளவு கற்களை அடுக்கினோம். பாதையை மலைப்பக்கம் சாய்த்து ஒரு கானுக்குள் தண்ணீரைச் சேர்த்தோம். சரிவுக்குள் நீளநீளமாகத் துளை போட்டுக் குழாய் செருகினோம். முதல் குழாயிலிருந்து தண்ணீர் விரலளவு தடிப்பில் வரத் தொடங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

மச்சானைப் பவுசரிலிருந்து இறக்கி, விசாரணை முடியும் வரை கல் அடுக்கும் கூட்டத்தில் விட்டிருந்தார்கள். அவர் குழாயடிக்கு வந்து குந்தினார். வேலையாட்கள் போன பிறகு இரண்டு பேரும் அந்தத் தண்ணீரில் கைகால் முகம் கழுவி உளூ எடுத்து அசர் தொழுதோம். எழும்பும்போது, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். ஆற்றுக்கு என்றேன். மறுகா எங்கே என்றார். கடலுக்கு என்றேன். அவர் குழாயை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

விசாரணை பல மாதம் இழுத்தது. கணினியில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம். அது ஒன்றைத்தான் ஏற்றுக்கொள்ளும், இரண்டைத் தட்டினால் சிவக்கும். பழைய சரிவையும் களிமண்ணையும் சீவிய அடிக்காலையும் சவளக்கடை வரம்பையும் அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? வடிகால் என்று தட்டிவிட்டு, மிச்சத்தை ஒன்றும் விடாமல் பக்கம் பக்கமாக எழுதினேன். கிரேக், பாதைக்கு வெளியே விடுவதில்லை என்று தலையாட்டினாயே என்று கேட்டபோது, விடுகிறேன் என்றுதானே ஆட்டினேன் என்றார் மச்சான். கன்றுகளுக்குப் பொறுப்பான அந்தப் பெண் தானாகவே வந்து, நல்ல வேலை என்று முதுகில் தட்டியது நான்தான் என்று சொன்னார். யாரும் கேட்காமல் அவர் அப்படி வந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன். எச்சரிக்கைக் கடிதத்தோடு மச்சானின் வேலை தப்பியது.

ஆனால் அந்த மாதங்களில் விசாவுக்கான வேலைக் கடிதத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சவளக்கடையிலிருந்து அவருடைய மனைவி தொலைபேசி எடுத்து, றிஸ்வானாவிடம் என்ன பிழை நடந்தது என்று கேட்பார். ஒன்றுமில்லை, பாதை திருத்துகிறார்கள் என்று இவள் சொல்வாள். மச்சான் எங்களோடு இருந்து சாப்பிட்டார், என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மனைவியும் பிள்ளைகளும் போன மாதம்தான் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் சின்னவன் வாப்பாவை அடையாளம் தெரியாமல் என்னிடம் ஓடி வந்தான். மச்சான் சிரித்தார்.

8

கேக் வெட்டிய அன்று மச்சானுக்குப் பகல் வேலை. பவுசர் மறுபடி அவர் கையில். பேசி முடித்த பிறகு என் துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய் அவரோடு ஏறினேன். கேக்கைப் பார்த்து, இதில் ஜெலட்டின் இருக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது கண்ணாடிக்கு அடியில் கிடந்தபடி எங்களோடு மலையேறியது.

மூன்று கிழமையாக மறுபடியும் வெயில். அவர் பாதையை மட்டும் நனைத்தார். அளவாக, விளிம்பில் ஒரு சொட்டும் படாமல். மிச்சத் தண்ணீரை இப்போது திருப்பிக் கொண்டுபோய் நிரப்பும் இடத்துத் தொட்டியிலேயே விடுகிறார். வளைவுகளின் தலையில் புதிதாக நட்ட கன்றுகள் சுருண்டு மஞ்சளாகி நின்றன. முன்பெல்லாம் ஊரில் வீதியோரம் ஒரு பயிர் வாடி நின்றால் வண்டியை நிறுத்தி இறங்குகிற மனிதர் இவர். இப்போது கண்ணாடிக்கு நேரே மட்டும் பார்த்து ஓட்டினார். எனக்கு அது தாங்கவில்லை. மலையைத் திருத்துகிறோம் என்று இவரிடமிருந்து எதையோ வெட்டி எடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும், பஸ்ஸில் போகிறவர்களின் ஞாபகம் வந்தது. மறுபடியும் பழைய குழப்பம்.

நான்காம் வளைவில் ஸைனப்பின் கன்றை ஓரமாக மாற்றி நட்டிருந்தார்கள். பெயர்ப்பலகை இருந்தது, இலை நாலைந்துதான் மிச்சம். நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். பின்னால் தொட்டி நிறையத் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் இறங்கிக் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மச்சானின் கையில் அவர் குடிக்கும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது.

“ஒரு போத்தல் ஊத்தினா மலை சரியுமா மச்சான்?”

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. இந்த மலையைத் துளைத்துப் பார்த்தவன் நான், அதன் எடையைக் கணக்கிட்டவன். சரியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது.

“சரியாது,” என்றேன்.

அவர் நம்பவில்லை. போத்தலின் மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன். பிஸ்மி சொல்லிக் குனிந்து, சொட்டுச் சொட்டாக, அடிமரத்தைச் சுற்றி ஊற்றினார். கை தானாக மண்ணை ஒதுக்கி ஒரு சின்ன வரம்பு போடப் போனது. பாதியில் நின்றது. விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மறைந்தது. பிறகு இரண்டு பேரும் பவுசரில் ஏறாமல், தலையை நிமிர்த்தி, மலையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.